ஊர்க் கணக்கையும் சேர்ந்து வாசிப்போம்

(செந்துறையில் வாசகர் வட்ட நண்பர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

வந்திருக்கிற ஐயா, அம்மா, அக்கா, அண்ணன்மாருக்கும், போட்டித் தேர்வுக்குப் படிக்க வந்து அப்படியே இங்கே உட்கார்ந்துவிட்ட தம்பி தங்கைகளுக்கும், பிற்பாடு இதைக் கைபேசியில் படிக்கப்போகிற உங்களுக்கும் சேர்த்துத்தான் பேசுகிறேன்.

"நம் ஜனநாயகம் நலமாக இருக்கிறதா?" இதுதான் எனக்குக் கொடுத்த தலைப்பு. கேட்டதுமே மனசு டெல்லிக்கும் சென்னைக்கும் ஓடும். டிவி விவாதம் ஞாபகம் வரும். அங்கெல்லாம் போக வேண்டாம்ங்க. உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். வீட்டு வரிக்குக் கீழே நூலக வரி என்று ஒரு சிறு தொகை இருக்கும். ஒரு ரூபாய் வரிக்குப் பத்து பைசா. இருநூறு ரூபாய் வீட்டு வரி கட்டுகிறவர் இருபது ரூபாய் நூலகத்துக்குக் கட்டுகிறார். நூலகப் பக்கமே வராதவரும் கட்டுகிறார், எழுதப் படிக்கத் தெரியாதவரும் கட்டுகிறார்.

இது எப்படி வந்தது? 1948-ல் அன்றைய சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவில் இதுதான் முதல் நூலகச் சட்டம். கல்வி அமைச்சராக இருந்தவர் அவினாசிலிங்கம் செட்டியார். பின்னால் நின்று இதற்காகப் பல வருஷம் உழைத்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். அவர் உலகப் புகழ் பெற்ற நூலகர் என்பது பலருக்குத் தெரியும். 1931-ல் மன்னார்குடி பக்கம் மேலவாசலில் ஒரு மாட்டு வண்டியில் புத்தகங்களை அடுக்கி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். அந்த நடமாடும் நூலகத்துக்கும் அவர் துணையாக நின்றார். நூலகம் நடத்த வேண்டியது புரவலர்களின் தயவில் இல்லை, ஊர் மக்கள் கொடுக்கிற வரியில் என்பதுதான் அந்தச் சட்டத்தின் அடிப்படை.

இன்னொன்றும் சொல்றேன். அரசியலமைப்புச் சட்டத்தில் பதினோராவது அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 29 விஷயங்களின் பட்டியல் அது. குடிநீர், சாலை, மீன்வளம் என்று போகும். அதில் 20-ஆவது என்ன தெரியுமா? நூலகங்கள். அதற்கு ஒன்று முன்னால், 19-ஆவது, வயது வந்தோர் கல்வி. நாம் இப்படிக் கூடிப் படிப்பது பொழுதுபோக்குக்கு மேலே ஒன்று என்று அரசியலமைப்பே ஒப்புக்கொண்ட மாதிரிதான் எனக்குப் படுகிறது.

தமிழ்நாட்டில் பொது நூலகங்களோடு சேர்ந்து வாசகர் வட்டம் இருப்பது புதிய விஷயம் இல்லை. புத்தக அறிமுகம், எழுத்தாளர் சந்திப்பு, குழந்தைகளுக்குக் கதை சொல்லல் எல்லாம் நடக்கிறது. அது நடக்கட்டும். நாவலும் கவிதையும் படிக்காத வாசகர் வட்டம் வறண்டுபோகும். அதோடு மாசத்துக்கு ஒரு தடவை, ஒரு மணி நேரம், ஊர்க் காகிதம் ஒன்றைச் சேர்ந்து வாசியுங்கள். நான் கேட்க வந்தது அவ்வளவுதான். ஊர்க் காகிதம் என்றால் வாக்காளர் பட்டியல், ஊராட்சியின் வரவு செலவு, கிராமசபைத் தீர்மானம், சுரங்கத்துக்கு அனுமதி கேட்கும்போது வரும் அறிக்கை. ஜனநாயகத்தின் உடம்பு எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் இந்தக் காகிதங்களில்தான் தெரியும். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மட்டும் பிரஷர் பார்த்துக்கொள்கிறவரை டாக்டர் என்ன சொல்வார்?

"படிக்கிறதை அவங்கவங்க வீட்டிலேயே படிச்சுக்கலாமே, கையிலேதான் போன் இருக்கே" என்று கேட்கலாம். படிக்கலாம். ஆனால் படிக்க மாட்டோம். இந்தக் காகிதங்கள் தனியாக உட்கார்ந்து படிக்கிற மாதிரி எழுதப்பட்டவை இல்லை. எங்கள் துறையிலேயே வேலை பார்த்துக்கொண்டு இதைச் சொல்கிறேன். ஒரு வரிக்குள் மூன்று அரசாணை எண் வரும். அர்த்தம் பிடிபட ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வேண்டும், அந்த வேலை நடந்த தெருவில் குடியிருக்கிற அக்கா ஒருவர் வேண்டும், ஆங்கிலம் படித்த பிள்ளை ஒன்று வேண்டும். மூன்று பேரும் ஒரே இடத்தில் இருந்தால் காகிதம் பேச ஆரம்பிக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 சதவீதம். அரியலூர் மாவட்டத்தில் 71 சதவீதம். அதாவது பத்துப் பேரில் கிட்டத்தட்ட மூன்று பேருக்கு எழுத்து வராது. அவர்களுக்கும் ஓட்டு இருக்கிறது, ரேஷன் கார்டு இருக்கிறது, நூலக வரி கட்டுகிறார்கள். சத்தமாக வாசித்தால்தான் அவர்களும் வாசகர்கள்.

சத்தமாக வாசிப்பது நம் ஊர்களுக்குப் பழக்கமானதுதான். ஐம்பது, அறுபது வருஷத்துக்கு முன்னால் டீக்கடையிலும் முடிதிருத்தும் கடையிலும் கட்சிப் படிப்பகத்திலும் ஒருவர் பேப்பரை உரக்கப் படிக்க, பத்துப் பேர் கேட்டுவிட்டு வாக்குவாதம் செய்வார்கள். பள்ளிக்கூடம் போகாத பலர் அரசியல் கற்றது அங்கேதான். பிறகு 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் வந்தது. புதுக்கோட்டையில் அது எப்படி நடந்தது என்று பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஷீலா ராணி சுங்கத் அப்போது மாவட்ட ஆட்சியர். ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்துக் கற்றார்கள், கூடவே சைக்கிள் ஓட்டவும் கற்றார்கள். கைநாட்டு வைத்தவர்கள் கையெழுத்துப் போட்டு, மனு எழுதி, ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாளுக்குப் போனார்கள். பிரான்சிஸ் கோடி என்ற மானிடவியல் ஆய்வாளர் இதைப் பக்கத்தில் இருந்து பார்த்து 2013-ல் ஒரு புத்தகமே எழுதினார். சைக்கிள்தான் எல்லோருக்கும் நினைவில் நிற்கிறது. எனக்கு அந்த மனுதான் பெரிதாகத் தெரிகிறது. எழுத்து தெரிந்ததும் அவர்கள் முதலில் போன இடம் அரசு அலுவலகம்.

இங்கே யாராவது குடவோலையைப் பற்றிச் சொல்லலையே என்று நினைக்கலாம். கங்கைகொண்ட சோழபுரம் நம்ம மாவட்டத்தில் இருக்கும்போது சோழர் பேச்சு இல்லாமல் ஜனநாயகம் பற்றிப் பேச முடியுமா! சொல்றேன். காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன, 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு வாரிய உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்த விதம் அதில் இருக்கிறது. வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும், சொந்த நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும், வேதக் கல்வி வேண்டும். ஆக, அது பிராமணர் குடியிருப்பின் சபை. நிலம் இல்லாதவருக்கோ பெண்களுக்கோ அதில் இடம் கிடையாது. மேடையில் குடவோலையைப் பெருமையாகச் சொல்கிறவர்கள் பலர் இந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள். ஆனால் அதே கல்வெட்டில் நாம் எடுத்துக்கொள்ளத் தக்க ஒரு விதி இருக்கிறது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி நிற்க முடியாது. அவருடைய உறவினர்களும் நிற்க முடியாது. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னாலும் ஊர் கேட்டது கணக்கைத்தான்.

சரி, நம் காகிதங்களுக்கு வருவோம்.

முதல் கூட்டத்துக்கு வாக்காளர் பட்டியல் நல்லது. அதில் கோபப்பட ஒன்றும் இல்லை, எல்லோருக்கும் தெரிந்த பெயர்கள். ஆரம்பிக்கும்போதே ஒரு கேள்வி போடலாம்: நாம் எந்தத் தொகுதி? செந்துறை இருப்பது அரியலூர் மாவட்டத்தில். சட்டமன்றத்துக்கு ஓட்டுப் போடுவது குன்னம் தொகுதியில். குன்னம் என்கிற ஊர் பெரம்பலூர் மாவட்டத்தில் இருக்கிறது. நாடாளுமன்றத்துக்குச் சிதம்பரம் தொகுதி. அது கடலூர் மாவட்டத்து ஊர். மாவட்டம் ஒன்று, எம்.எல்.ஏ. தொகுதியின் பெயர் இன்னொரு மாவட்டத்தில், எம்.பி. தொகுதியின் பெயர் மூன்றாவது மாவட்டத்தில். வெளியூரில் இருந்து கல்யாணமாகி வந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் அரியலூர் தொகுதி என்றுதான் சொல்வார்கள் என்று நினைக்கிறேன். யாரிடம் மனு கொடுப்பது என்று தெரியாமல் அலைவது இங்கிருந்துதான் தொடங்குகிறது.

பட்டியலைத் தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் இணையதளத்தில் இருந்து பாகம் பாகமாக இறக்கிக்கொள்ளலாம். உங்கள் தெரு இருக்கும் பாகத்தை எடுத்து வீடு வீடாக வாசியுங்கள். இறந்துபோன தாத்தா இன்னும் இருப்பார். திருப்பூருக்குப் போனவர், திரும்பி வந்தவர், 18 வயது முடிந்தும் பெயர் சேர்க்காத பிள்ளை, புகுந்த வீட்டிலும் இல்லாமல் பிறந்த வீட்டிலும் இல்லாமல் நடுவில் விடுபட்ட பெண். இந்தக் கடைசி ஆள்தான் எனக்கு முக்கியம். அவர் ஓட்டுச் சாவடியில் போய் நின்ற பிறகுதான் பெயர் இல்லை என்று தெரியவரும். அன்றைக்கு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. பெயர் சேர்க்கப் படிவம் 6, திருத்தம், இடமாற்றத்துக்குப் படிவம் 8, நீக்கத்துக்குப் படிவம் 7. 18 வயது நிறைவைக் கணக்கிட இப்போது வருஷத்தில் நான்கு தேதிகள் இருக்கின்றன: ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1. சந்தேகம் என்றால் 1950-க்குப் போன் போடலாம், உங்கள் வாக்குச்சாவடி நிலை அலுவலரைக் கேட்கலாம். படிவத்தை யார் வேண்டுமானாலும் நிரப்பலாம். விடுபட்டிருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்கத்தான் தெருக்காரர்கள் வேண்டும்.

இரண்டாவது, கிராமசபை. 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி ஊராட்சியின் வாக்காளர் எல்லோரும் கிராமசபை உறுப்பினர்தான். தேர்தலில் நின்று ஜெயிக்க வேண்டியதில்லை. முன்பு வருஷத்துக்கு நான்கு கூட்டம்: ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. 2022-ல் இருந்து மார்ச் 22 உலகத் தண்ணீர் தினமும் நவம்பர் 1 உள்ளாட்சி தினமும் சேர்ந்து ஆறு. குறைவெண் வரம்பு, அதாவது கோரம், என்ன தெரியுமா? மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர்.

இந்த எண்ணிக்கை எப்படி நிரம்புகிறது என்று நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. வந்து உட்கார்ந்தவர்கள் பாதி, வேலைக்குப் போகிற வழியில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனவர்கள் பாதி என்று இருந்தால் கோரம் இருக்கும், சபை இருக்காது. ஏன் உட்கார மாட்டேன் என்கிறார்கள்? சோம்பேறித்தனம் என்று நான் நம்பவில்லை. கூட்டத்தில் கடகடவென்று வாசிக்கிற கூட்டப்பொருள் யாருக்கும் புரிவதில்லை. புரியாத இடத்தில் வெயிலில் எவ்வளவு நேரம் உட்காருவது? அதனால்தான் கிராமசபைக்கு முந்தைய வாரம் வாசகர் வட்டம் கூட வேண்டும் என்கிறேன். கூட்டப்பொருள் முன்கூட்டியே ஒட்டப்படும். அதைப் போட்டோ எடுத்துக் கொண்டுவாருங்கள், ஒவ்வொன்றாகப் படியுங்கள். ஊராட்சியின் பொதுநிதிச் செலவு படிவம் 30-ல் இருக்கும். குழாய் பழுது, மோட்டார் பழுது, தெருவிளக்கு, பிளீச்சிங் பவுடர். எந்தத் தெருக் குழாய், எந்த மோட்டார் என்று கேட்க வேண்டிய கேள்வி அந்தத் தெருக்காரருக்குத்தான் வரும்.

கேட்பது என்றால் சண்டைக்குப் போவது இல்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் கணக்குக் கேட்டாலே "எதிர்க் கோஷ்டி ஆளா?" என்று பார்க்கிற பழக்கம் நமக்கு இருக்கிறது. பத்துப் பேர் சேர்ந்து படித்துவிட்டுக் கேட்டால் அது ஒருவருடைய பகையாகத் தெரியாது. ஊராட்சிச் செயலருக்கும் அது நல்லதுதான். ஒழுங்காகக் கணக்கு எழுதுகிறவருக்குக் கணக்கைப் படிக்கிற ஆள் கிடைப்பது லேசில் நடக்கிற காரியம் இல்லை.

கைபேசியில் பார்க்க இ-கிராம் ஸ்வராஜ் இருக்கிறது. மத்திய ஊராட்சி அமைச்சகம் 2020 ஏப்ரல் 24-ல் தொடங்கியது. மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று தேர்ந்தெடுத்துப் போனால் நிதிக்குழு மானியத்தில் என்ன திட்டமிட்டார்கள், எவ்வளவு செலவானது என்று வரும். பெரும்பாலும் ஆங்கிலம். எண்கள் எந்த மொழியிலும் ஒன்றுதானே, பிள்ளைகளை வைத்துப் படியுங்கள். அதிலும் கிடைக்காத தகவலுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கட்டணம், 30 நாள் கெடு. தமிழ்நாட்டில் இணையவழியாகவும் மனுப் போடலாம். ஒரு விஷயம்: மனு போடுவதற்கு முன்னால், அந்தத் தகவல் ஏற்கெனவே ஊராட்சிப் பலகையில் இருக்கிறதா என்று ஒரு நடை போய்ப் பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது காகிதத்தைப் பற்றித்தான் நான் நிறையப் பேச வேண்டும். ஏனென்றால் இந்த மண்ணுக்கு அதுதான் நேரடியான விஷயம்.

நம்ம பூமி ஒரு காலத்தில் கடல். பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும், கிளிஞ்சல் புதைபடிவம் காலில் தட்டுகிற மண் இது. அந்தக் கடல் விட்டுப்போனதுதான் சுண்ணாம்புக்கல், சுண்ணாம்புக்கல் இருப்பதால்தான் சிமெண்ட் ஆலை, ஆலை இருப்பதால்தான் சுரங்கம், லாரி, வேலை, புழுதி எல்லாம். சுரங்கம் வேண்டும் வேண்டாம் என்று நான் இங்கே சொல்ல வரவில்லை. அப்படி ஒரு திட்டம் வரும்போது ஊரைக் கேட்கிற முறை ஒன்று சட்டத்தில் இருக்கிறது. அந்த முறை நலமாக இருப்பது நம் கையிலும் இருக்கிறது.

2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி, அந்த வகையில் வரும் சுரங்கத்துக்கோ ஆலைக்கோ அனுமதி கேட்டால் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நடத்தும். மாவட்ட ஆட்சியரோ அவருக்கு அடுத்த நிலையில் உள்ள அதிகாரியோ தலைமை ஏற்பார். குறைந்தது 30 நாள் முன்னால் ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு தமிழ் நாளிதழிலும் அறிவிப்பு வர வேண்டும். வரைவு அறிக்கையை ஆட்சியர் அலுவலகம், உள்ளாட்சி அலுவலகம் போன்ற இடங்களில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதன் சுருக்கம் தமிழில் இருக்க வேண்டும். வாரியத்தின் இணையதளத்திலும் போடுவார்கள், கைபேசியிலேயே இறக்கலாம்.

அந்த 30 நாள் எதற்கு? படிப்பதற்கு. ஆனால் என்ன நடக்கிறது? பந்தல் போட்ட அன்றைக்குத்தான் பலருக்கு விஷயம் தெரியும். சிலர் ஆதரித்துக் கத்துவார்கள், சிலர் எதிர்த்துக் கத்துவார்கள். இரண்டு பக்கமும் அறிக்கையைப் பிரித்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. கிராமசபைக்குக் கோரம் உண்டு, கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குக் கோரம் கிடையாது. எத்தனை பேர் வந்தாலும் கூட்டம் கூட்டம்தான். இன்னொன்று, அங்கே ஓட்டெடுப்பு கிடையாது. எத்தனை பேர் ஆதரவு, எத்தனை பேர் எதிர்ப்பு என்று கை தூக்கி எண்ணி முடிவு செய்வது இல்லை. நீங்கள் சொன்ன கவலை என்ன, கேட்ட கேள்வி என்ன என்பது பதிவாகிறது. வீடியோ எடுக்கிறார்கள். கூட்டத்தின் முடிவில் நடவடிக்கைக் குறிப்பை மக்களுக்குப் புரிகிற மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும். அந்தப் பதிவுக்கு விண்ணப்பதாரர் தன் இறுதி அறிக்கையில் பதில் சொல்லியாக வேண்டும். ஆகவே நூறு பேர் போடுகிற கோஷத்தைவிட, பக்கம் சொல்லிக் கேட்கிற ஒரு கேள்விக்குப் பலம் அதிகம்.

வாசகர் வட்டத்தில் அந்தத் தமிழ்ச் சுருக்கத்தை எப்படிப் படிப்பது? முதலில் ஊர்ப் பெயர்களைத் தேடுங்கள். திட்ட இடத்தைச் சுற்றி எத்தனை கிலோமீட்டர் வரை ஆய்வு செய்தார்கள் என்று இருக்கும், அதற்குள் உங்கள் ஊர், உங்கள் ஏரி இருக்கிறதா என்று பாருங்கள். வரைபடத்தில் இல்லாத ஓடை தரையில் இருந்தால் அது ஒரு பெரிய கேள்வி. அடுத்து, தண்ணீரும் காற்றும் எந்த மாதங்களில் அளக்கப்பட்டன? ஐப்பசியில் கிணறு இருப்பதற்கும் சித்திரையில் இருப்பதற்கும் உள்ள வித்தியாசம் இங்கே உட்கார்ந்திருக்கிற விவசாயிகளுக்குத் தெரிந்த அளவுக்கு அறிக்கை எழுதினவருக்குத் தெரியாது. ஒரு நாளைக்கு எத்தனை லாரி, எந்தச் சாலை வழியாக, பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் ஓடுமா? தோண்டி முடித்த குழியை என்ன செய்வார்கள்? எத்தனை பேருக்கு வேலை, அதில் உள்ளூர்க்காரர் எத்தனை? வேலை வேண்டும் என்று திட்டத்தை ஆதரிக்கிறவர்களும் இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்கத்தான் வேண்டும். நேரில் வர முடியாதவர்கள் எழுதியும் அனுப்பலாம்.

இதோடு ஒட்டி ஒரு சிறு விஷயம். 2015-ல் இருந்து மாவட்டக் கனிம அறக்கட்டளை என்று இருக்கிறது. சுரங்கம் நடத்துகிறவர் அரசுக்குக் கட்டும் உரிமத்தொகைக்கு மேல் அதில் ஒரு பங்கை இதற்கும் கட்ட வேண்டும், பழைய குத்தகை என்றால் 30 சதவீதம், ஏலத்தில் எடுத்த புதிய குத்தகை என்றால் 10 சதவீதம். சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட பகுதிகளின் குடிநீர், மருத்துவம், கல்விக்குத்தான் அந்தப் பணம். உங்கள் ஊர் பாதிக்கப்பட்ட பகுதிகளின் பட்டியலில் இருக்கிறதா என்பது ஒரு நாள் வாசிப்புக்கு நல்ல கேள்வி.

இதுவரை கணக்கு, பட்டியல், அறிக்கை என்று பேசிவிட்டேன். இதெல்லாம் சரியாக இருந்தாலும் ஒன்று மிச்சம் இருக்கிறது. அதற்குத்தான் ஒரு புத்தக வாசிப்பைப் பரிந்துரைக்கிறேன். 1949 நவம்பர் 25-ஆம் தேதி, அரசியலமைப்பை ஏற்றுக்கொள்வதற்கு முந்தைய நாள், டாக்டர் அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபையில் பேசிய உரை. மூன்று விஷயம் எச்சரிக்கிறார். கோரிக்கைக்கு அரசியலமைப்பு வழிகள் திறந்திருக்கும்போது மற்ற வழிகளுக்குப் போகக் கூடாது என்கிறார், சத்தியாகிரகத்தையும் அந்த மற்ற வழிகளில்தான் சேர்க்கிறார். இந்த இடத்தில் உங்கள் வட்டத்தில் சண்டை வரும், வரட்டும். தலைவர்கள் மேல் பக்தி வைப்பது அரசியலில் சீரழிவுக்குக் கொண்டுபோகும் என்கிறார். பேனர் கட்டுகிற நம் ஊர்ப் பையன்களோடு உட்கார்ந்து படிக்க வேண்டிய பகுதி அது. மூன்றாவதாக, ஓட்டில் எல்லோரும் சமம், வாழ்க்கையில் சமம் இல்லை, இந்த முரண்பாட்டை நீண்டநாள் விட்டுவைத்தால் அரசியல் ஜனநாயகமே நிலைக்காது என்கிறார்.

இந்த மூன்றாவது எச்சரிக்கையை வாசிக்கும்போது நாம் வேறு எந்த மாநிலத்தையும் நினைக்க வேண்டியதில்லை. 2019 ஏப்ரல் 18, நாடாளுமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு நாள். நம் செந்துறை வட்டத்துப் பொன்பரப்பியில் ஆதிதிராவிடர் குடியிருப்பில் வீடுகள் அடித்து நொறுக்கப்பட்டன. ஓட்டுப் போடுகிற நாளிலேயே. கையில் வைத்த மை எல்லோருக்கும் ஒரே நிறம்தான், ஆனால் அன்று சாயங்காலம் உடைந்த ஓட்டைப் பொறுக்க வேண்டியிருந்தது ஒரு பக்கத்துத் தெருக்காரர்கள்தான். இதைப் பேசினால் பழசைக் கிளறுகிற மாதிரி ஆகும் என்று நினைப்பவர்கள் உண்டு. பேசாமல் இருப்பதால் அது ஆறிவிடும் என்று நான் நினைக்கவில்லை. இரண்டு தெருக்காரர்களும் ஒரே பாயில் உட்கார்ந்து ஒரே பக்கத்தை வாசிக்கிற இடம் ஊரில் ஒன்றாவது இருக்க வேண்டாமா? கோயில் மண்டபத்தில் முடியாது, சாதிச் சங்கக் கட்டடத்தில் முடியாது. நூலகத்தில் முடியும். எல்லோரும் வரி கட்டின இடம் அது.

அதனால் வட்டம் எங்கே கூடுகிறது என்பதை இலேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கிளை நூலகம் இல்லாத சிற்றூரிலும் ஊராட்சி நூலகக் கட்டடம் இருக்கும். 2006-ல் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் கட்டினார்கள். சிலது நன்றாக நடக்கிறது, சிலது பூட்டிக் கிடக்கிறது. பூட்டிக் கிடந்தால் உங்கள் வட்டத்தின் முதல் வேலை சாவி யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது. கிராமசபையில் அதையே தீர்மானமாகவும் கேட்கலாம்.

வட்டம் நடத்த விதி அதிகம் வேண்டாம். பத்துப் பதினைந்து பேர் போதும். தலைவர், செயலாளர், பொன்னாடை எதுவும் வேண்டாம். வாசிக்கிறவர் ஒவ்வொரு மாசமும் மாறட்டும், பெண்களும் இளையவர்களும் வாசிக்கட்டும். ஒரே ஒரு கட்டுப்பாடு வையுங்கள்: பேசுகிறவர் இப்போது வாசித்த வரியைப் பற்றிப் பேச வேண்டும். கட்சி பேசக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன், கட்சி இல்லாமல் ஜனநாயகம் இல்லை. வரியைக் காட்டிவிட்டுப் பேசுங்கள் என்கிறேன். புரியாத வரிகளை ஒருவர் நோட்டில் எழுதி வைக்கட்டும், யாரைக் கேட்பது என்று பக்கத்தில் குறிக்கட்டும். அடுத்த கூட்டத்தில் முதலில் அந்த நோட்டைத்தான் திறக்க வேண்டும். வாட்ஸ்ஆப் குழு வைத்துக்கொள்ளலாம், தேதி சொல்ல, படம் அனுப்ப. தயவுசெய்து அதையே வாசகர் வட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே எல்லோரும் அனுப்புகிறோம், யாரும் படிப்பதில்லை. கூட்டம் சாயங்காலம் வைப்பதாக இருந்தால் பெண்களைக் கேட்டு நேரம் குறியுங்கள். ஆறு மணி என்று ஆண்கள் முடிவு செய்தால் அடுப்படியில் இருப்பவர்கள் வர மாட்டார்கள்.

எனக்குக் கொடுத்த நேரம் முடியப்போகிறது. மீதி அரை மணி நேரம் பேச்சு வேண்டாம், வாசித்துவிடலாம். மத்திய சட்ட அமைச்சகத்தின் இணையதளத்தில் அரசியலமைப்புச் சட்டம் தமிழில் இருக்கிறது. போன் வைத்திருப்பவர்கள் ஒன்பதாவது பகுதியை எடுங்கள், உறுப்பு 243. போன் இல்லாதவர்கள் பக்கத்தில் இருப்பவரோடு சேர்ந்துகொள்ளுங்கள். அந்தக் கடைசி வரிசையில் இருக்கிற அக்கா, உங்கள் குரல் நன்றாகக் கேட்கும் போலிருக்கிறது. கிராமசபை என்றால் என்ன என்று முதல் பத்தியிலேயே இருக்கிறது, அங்கிருந்து ஆரம்பியுங்கள்.